மறுக்கத் தெரிந்த இயக்குநர்கள்

இயக்குநர் வாரியத்தின் கடமை யாது என்று மலேசியத் தமிழர் ஆராயத் தொடங்கினால், முதலில் நம்முடைய சொந்தச் சரித்திரத்தில் அருகருகே நிற்கும் இரண்டு ஸ்தாபனங்களை நோக்குவதே முறை. ஆங்கிலேயருக்குச் சொந்தமான ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, பாட்டன் காலந்தொட்டுப் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் லயத்து வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்த காலத்தில், அந்தத் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் தவணை தவணையாகத் திரட்டி அவர்களையே தோட்டத்தின் உடைமையாளராக்கலாம் என்று துணிந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கித் தன் பணியைத் தொடங்கிய அச்சங்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. 1982-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவர் ச. சாமிவேலுவின் முயற்சியால் பிறந்த மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனமோ, ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 100 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் திரட்டியது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களும் அவர்களுள் உண்டு. 2010-இல் அந்தப் பங்குகளை வேறொரு நிறுவனம் வாங்க முன்வந்தபோது, ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கிய பங்குக்குக் கிடைத்த விலை 80 சென்.

இடையில் நடந்தவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1990-இல் டெலிகாம் நிறுவனத்தின் பங்குகளுள் 10 மில்லியன் மைக்காவுக்கென ஒதுக்கப்பட்டு, 1 மில்லியன் மட்டுமே அதனிடம் வந்து, எஞ்சிய 9 மில்லியன் வேறு மூன்று நிறுவனங்களுக்குச் சென்றது. அதைக் குறித்து விசாரணை நடந்தது. எவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. ஆகவே குற்றத்தைப் பற்றி நான் பேசவில்லை. இத்தனை பெரிய விஷயம் 1992-இல் அரசியல் விவாதமாக வெடித்த பிறகே பங்குதாரரின் காதுக்கு எட்டியது என்பதே என் மனத்தை வருத்துகிறது. தங்கள் பணத்துக்குக் காவலாக அமர்த்தப்பட்டவர்கள் தாங்களாகவே முன்வந்து, நடந்தது இது, நாங்கள் இசைந்ததற்குக் காரணம் இது, அல்லது நாங்கள் எதிர்த்தும் பயனில்லாமற் போனது இவ்வாறு, என்று உரைத்திருக்க வேண்டாமா?

வாரியத்தில் கல்விமான்களையும் பிரசித்தி பெற்றவர்களையும் அமர்த்திவிட்டால் நிர்வாகம் தானே சீர்படும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு இந்தியாவின் சத்யம் நிறுவனம் தக்க பதில். ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரும், ஹைதராபாத்தின் இந்திய வணிகப் பள்ளி முதல்வரும், இந்திய அரசின் முன்னாள் அமைச்சரவைச் செயலரும் அங்கம் வகித்த அந்த வாரியம், 2008 டிசம்பர் 16-ஆம் நாள், தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தாருடைய இரண்டு நிறுவனங்களை 1.6 பில்லியன் டாலருக்கு வாங்க இசைந்தது. முதலீட்டாளர் கொதித்தெழுந்ததால் அந்தத் தீர்மானம் ஒரு நாளைக்குள் கைவிடப்பட்டது. மூன்றே வாரத்தில், 2009 ஜனவரி 7-ஆம் நாள், கணக்குகள் பல்லாண்டுகளாகப் பொய்யாக எழுதப்பட்டவை என்று ராஜுவே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களுக்கு ஞானம் இல்லையென்று எவர் சொல்வார்? தம்மை அங்கே அமர்த்தியவரின் விருப்பத்துக்கு எதிராக 'கூடாது' என்று சொல்லும் தைரியமே அந்தப் பொழுதில் குறைவாயிருந்தது. வாரியத்தை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான்.

அந்தத் தைரியம் இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. அரசின் முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் முதல் தலைவராயிருந்த டான்ஸ்ரீ பக்கே சாலே, கூட்டு முயற்சிக்கென அனுப்பவேண்டிய 1 பில்லியன் டாலரில் 700 மில்லியன் வேறொரு கணக்குக்குப் போயிருப்பதை அறிந்து அதிருப்தியுற்று, 2009-லேயே பதவி துறந்தார். பதவியையும் பெருமையையும் உதறி எழுந்த அவரை நான் மதிக்கிறேன். ஆயினும் அவர் விலகியதன் காரணத்தை நாடு அவர் வாயால் விரிவாகக் கேட்டது, பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றச் சாட்சிக் கூண்டில்தான். அதற்குள் அந்நிறுவனத்தின் கடன் மலைபோல் வளர்ந்துவிட்டது. விலகும் இயக்குநர் காரணத்தை எழுத்தில் வைத்துச் செல்வதும், அந்த எழுத்து உடைமையாளரின் கைக்குப் போய்ச் சேர்வதும் சட்டத்தின் கட்டாயமாக வேண்டுமென்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களுக்கு இன்று விதிகளுக்குக் குறைவில்லை. 2017-இல் நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், இயக்குநர் நல்லெண்ணத்தோடும் தக்க கவனத்தோடும் செயற்படவேண்டும் என்றும், தமக்குச் சம்பந்தமுள்ள ஒப்பந்தத்தை வெளிப்படுத்தவேண்டும் என்றும் பணிக்கிறது. சுயேச்சை இயக்குநர் பதவியில் நீடிக்கக்கூடிய காலத்துக்குப் பங்குச் சந்தை 12 ஆண்டு வரம்பு விதித்திருக்கிறது. நீண்ட காலம் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பழகியவருக்கு அவரை மறுப்பது அரிதாகிவிடும் என்ற மனித சுபாவத்தை அறிந்து செய்த விவேகமான ஏற்பாடு அது.

ஆனால் ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவிலும், மாசாயிலும், பாசிர் கூடாங்கிலும் வாழ்கின்ற நம்மவரில் பெரும்பாலோர் சந்திக்கும் வாரியங்கள் பங்குச் சந்தையின் கண்ணுக்கு எட்டாதவை. தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்தவர்களின் மக்களும் பேரர்களுமாய், தொழிற்சாலையிலும், விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூரிலும் உழைப்பவர்கள், தம் பணத்தை ஒப்படைப்பது கூட்டுறவுச் சங்கத்திடமும், கோயில் நிர்வாகக் குழுவிடமும், தமிழ்ப் பள்ளி வாரியத்திடமுமே. அங்கே ஒரே தலைவர் இருபது ஆண்டு வீற்றிருப்பது சேவையின் சின்னமாகக் கொண்டாடப்படுகிறது. கணக்கைப் பற்றிக் கேட்பவர் கலகக்காரர் ஆகிறார். கூட்ட அறிக்கை கூட்டத்தன்றே கையில் கிடைக்கிறது. முன்கூட்டிப் படிக்காத கணக்கை எவ்வளவு படித்தவராலும் கேள்வி கேட்க இயலாது. பெண்களின் நிலையையும் இங்கே சொல்லவேண்டும்: ரப்பர்க் காட்டில் ஆணுக்கு நிகராக உழைத்துச் சேமித்த தாய்மாரின் பேத்திமார், நம் நிர்வாகக் குழுக்களில் இன்னும் எத்தனை பேர்?

இவற்றைத் திருத்தப் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கணக்கும் அறிக்கையும் ஒரு வாரம் முன்னதாக வரவேண்டும் என்று ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம். தம் உறவினருக்கு ஒப்பந்தம் போகும்போது தலைவர் அறையை விட்டு வெளியேறினாரா என்பதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம். மாறுபட்ட கருத்தைப் பெயரோடு பதிவு செய்யுமாறு வற்புறுத்தலாம். கூட்டுறவுச் சங்கத்தில் ஆயிரம் பங்கு உள்ளவருக்கும் ஒரு பங்கு உள்ளவருக்கும் ஒரே வாக்கு. வரும் ஆண்டுக் கூட்டத்தில், சென்ற ஓராண்டில் தலைவரின் யோசனை எத்தனை முறை மறுக்கப்பட்டது, மறுத்தவர் யார் என்று அந்த ஒரு பங்குக்காரர் எழுந்து கேட்கட்டும். குறிப்பேட்டைத் திறந்து பார்த்தே அதற்கு மேடையில் உள்ளவர்கள் பதில் சொல்லட்டும்.