வர்ணமெட்டும் வகைப்பாடும்

பாடல்களைப் பட்டியலிடும் இணையத் தரவுத்தளம் ஒன்றில் அண்மையில் 'கண்ணே கலைமானே' பாடலைத் தேடினேன். படம் மூன்றாம் பிறை, ஆண்டு 1982, இசை இளையராஜா, குரல் யேசுதாஸ் என்று எல்லாம் இருந்தன. எழுதியவருக்கான கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. கீழே 'இந்தி வடிவம்' என்றொரு சுட்டி. அது 1983இல் வெளிவந்த சத்மா படத்தின் தாலாட்டுக்கு இட்டுச் சென்றது. அங்கும் அதே இசையமைப்பாளர், அதே பாடகர், அதே வெற்றுக் கட்டம். கண்ணதாசன் திரைக்கு எழுதிய கடைசிப் பாடல் என்று நாம் போற்றும் ஒன்றும், குல்சார் எழுதிய பாடல் ஒன்றும், இரு கவிஞர்களும் இல்லாமலேயே ஒரே பாடலின் இரு வடிவங்களாகிவிட்டன.

வெற்றுக் கட்டத்தை யாரேனும் நாளையே நிரப்பிவிடலாம். என் வழக்கு அதனோடு அல்ல, 'வடிவம்' என்ற அந்தச் சொல்லோடு. கண்ணதாசனின் பாடல் தாலாட்டாகத் தொடங்கி, ஊமையையும் ஏழையையும் பற்றிய ஒரு விசாரணைக்குள் திரும்பிவிடுகிறது. குல்சாரின் பாடலோ மை தீட்டிய கண்களுக்குள் ஒரு கனவைக் கொண்டுவருமாறு இறைஞ்சுகிறது. மெட்டு ஒன்று, கதைச்சூழல் ஒன்று, குரலும் ஒன்று, கவிதைகள் இரண்டு. இவற்றில் ஒன்றை மற்றதன் வடிவம் என்பவர், பாட்டில் சொல் என்பது மெட்டின் மேல் போர்த்திய துணி என்று கருதுகிறார். அவர் அறிந்தே அப்படிக் கருதவில்லை என்பதுதான் சிக்கல். பட்டியலின் கட்டமைப்பு அவருக்காக முன்பே அப்படிக் கருதி வைத்திருக்கிறது.

இந்தத் தளங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. டிஸ்காக்ஸ் வெளியான இசைத்தட்டை அலகாகக் கொள்வது. உறையில் அச்சானதே அங்கு முதற்சான்று. செகண்ட்ஹேண்ட்சாங்ஸ், முதலில் பாடியவர் யார், பிறகு பாடியவர்கள் யார் என்ற கேள்வியைச் சுற்றி எழுப்பப்பட்டது; பிறமொழித் தழுவல்களைத் தனியே பிரித்துக் காட்டவும் செய்கிறது. மியூசிக்பிரெயின்ஸ் 2011இல் ஆக்கம் வேறு, பதிவு வேறு என்று பிரித்தது. பிறமொழிச் சொற்கள் கொண்ட பாடலுக்குத் தனி ஆக்கம் என்ற தகுதியையும் வழங்கியது. மூன்றில் இதுவே சிந்தித்துச் செய்யப்பட்டது. ஆனால் அந்தத் தனி ஆக்கத்தை மூலத்தோடு இணைக்கும்போது 'மொழிபெயர்ப்பு' என்ற முத்திரை அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மொழி மாறியதைக் கண்டதும் அதை எடுத்துக் குத்திவிடத் தோன்றுவது இயல்பே.

மொழி மாறியதெல்லாம் மொழிபெயர்ப்பா? 1967இல் கிளோட் பிரான்சுவா பிரெஞ்சில் பாடிய 'கோம் தபிதூத்', பழக்கமாகிச் சலித்துப்போன ஒரு காதலைப் பற்றியது. அதன் உரிமையைப் பெற்ற பால் ஆங்கா எழுதி, 1969இல் பிராங்க் சினாட்ராவின் குரலில் வெளிவந்த 'மை வே', வாழ்வின் அந்திமத்தில் நின்று திரும்பிப் பார்க்கும் ஒருவனின் பெருமிதம். பிரெஞ்சுப் பாட்டின் ஒரு கருத்துகூட ஆங்கிலத்தில் இல்லை. இதை மொழிபெயர்ப்பு என்றால் ஆங்காவின் கற்பனைக்கு அநீதி, கீல் திபோவின் பிரெஞ்சு வரிகளுக்கும் அநீதி. மெட்டுக்குப் பாட்டு எழுதுவது என்று நம்மூரில் இதற்கு எளிய பெயர் உண்டு.

இன்னொரு பாடல் இதைவிடச் சங்கடமானது. ழாக் பிரெவேர் எழுதி யோசப் கோஸ்மா இசையமைத்த 'லே ஃபேய் மோர்த்' பாடலுக்கு ஜானி மெர்சர் ஆங்கிலத்தில் சொற்கள் எழுதினார். 1958இல் கேனன்பால் ஆடர்லி அதைச் சொல்லே இல்லாமல் வாசித்துப் பதிவு செய்தார். இசைத்தட்டில் இருப்பது மெர்சரின் 'ஆட்டம் லீவ்ஸ்' என்ற தலைப்பு. இந்தப் பதிவு யாருடைய ஆக்கத்தின் கீழ் வரவேண்டும்? பிரெவேரின் கீழ் வைத்தாலும் பிழை, மெர்சரின் கீழ் வைத்தாலும் பிழை. அது கோஸ்மாவின் மெட்டுக்கு உரியது. மெட்டுக்கென்று தனி இடம் ஒதுக்காத பட்டியலில், வாசிக்கப்படாத சொற்களுக்கு உரிமையாளர் முளைக்கிறார்; பாடப்பட்ட சொற்களுக்கு உரியவர் மறைகிறார்.

நூலகவியலாளர்கள் 1998இலேயே ஒரு விதி வகுத்தார்கள்: மொழிபெயர்ப்பு அதே ஆக்கத்தின் வேறொரு வெளிப்பாடு, தழுவல் புதிய ஆக்கம். நூலுக்கு இது பெரும்பாலும் போதும். பாட்டுக்குப் போதாது. பாட்டில் இரண்டு ஆக்கங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று அப்படியே நிற்க, மற்றது முழுவதும் மாறலாம்.

இதை நம் முன்னோர்கள் கணினி இல்லாமலேயே அறிந்திருந்தார்கள். பாரதியின் 'தொண்டு செய்யும் அடிமை' பாட்டின் தலைப்பைப் பாருங்கள். நந்தன் சரித்திரப் பாட்டொன்றின் வர்ணமெட்டையும் கருத்தையும் பின்பற்றியது என்று அங்கே குறிப்பு இருக்கிறது. மெட்டு என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கருத்தும் என்று தனியே எண்ணிச் சொல்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியிடம் ஆண்டை நந்தனைப் பார்த்துப் பேசுவதை, இவர் ஆங்கிலேய அதிகாரி சுயராஜ்யம் கேட்கும் இந்தியனைப் பார்த்துப் பேசுவதாக மாற்றுகிறார். மொழிபெயர்ப்பல்ல, மறுபாடலல்ல, பகடியும் அல்ல. எது வாங்கப்பட்டது, எது புதியது என்பதை ஒற்றை வரிக் குறிப்பு தெளிவாக்கிவிடுகிறது. இன்றைய பட்டியல்களிடம் நான் கேட்பது இதற்கு மேல் ஒன்றுமில்லை: மெட்டு எங்கிருந்து, கருத்து எங்கிருந்து, சொல் யாருடையது என்று மூன்று கட்டங்கள்.

தன்னார்வலர்கள் உழைப்பில் நடக்கும் தளங்களிடம் இத்தனை நுணுக்கம் எதிர்பார்க்கலாமா என்று கேட்கப்படும். இசைத்தட்டின் உட்சுற்றில் கீறப்பட்டிருக்கும் எண்ணைக்கூடக் கண்ணை இடுக்கிப் படித்துப் பதிவு செய்கிறவர்கள் அவர்கள். நுணுக்கம் அவர்களுக்குப் பழக்கமில்லாததல்ல. எது நுணுக்கத்துக்குத் தகுதியானது என்பதில்தான் பிசகு.

கேட்பவனுக்கு மெட்டும் குரலும் போதும் என்பது இன்னொரு வாதம். கேட்பவனுக்குப் போதலாம், பட்டியல் கேட்பவனுக்காக மட்டும் இருப்பதில்லை. ரோஜா படத்தின் 'சின்னச் சின்ன ஆசை' பாடலுக்காக வைரமுத்து தேசிய விருது பெற்றார். அதே பாடலுக்கு இந்தியில் சொற்கள் எழுதியவர் பி. கே. மிஸ்ரா. உதட்டசைவுக்கும் மெட்டுக்கும் ஒருசேரப் பொருந்துமாறு எழுதவேண்டிய மொழிமாற்றுப் படக் கவிஞரின் வேலை எளிதன்று. அவர் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்? 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், திரைப்பாடலில் சொல்லுக்கும் இசைக்கும் உரியவர்கள் தம் உரிமத்தொகைப் பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி காத்தது. பங்கு யாருக்கென்று அறிய முதலில் பெயர் இருக்கவேண்டும்.

பழியை முழுவதும் அயலாரின் தளங்கள் மீது போட்டுவிடவும் முடியாது. 'கண்ணே கலைமானே' யாருடைய பாட்டு என்று கேட்டால் நம்மில் ஒருவர் இளையராஜா என்பார், ஒருவர் யேசுதாஸ் என்பார், இன்னொருவர் கமல்ஹாசன் என்றே சொல்லிவிடுவார். அந்தத் தளத்தின் வெற்றுக் கட்டம் நம் பேச்சிலிருந்துதான் அங்கே போயிருக்கிறது. திருத்தும் உரிமையை அத்தளம் எல்லோருக்கும் தந்திருக்கிறது. கண்ணதாசன் பெயரை எழுதிவிட்டு, குல்சார் பெயரையும் எழுதிவிட்டுத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். 'வடிவம்' என்ற சொல்லை மாற்ற மட்டும் அங்கே வழி இல்லை.