துருவப் பனியும் சேதுக் கரையும்

இராமேசுவரத் தீவின் கிழக்குக் கோடியாகிய அரிச்சல்முனையில் நிற்போர் இரு கடல்களை ஒருங்கே காண்பர். ஒருபுறம் அலை அடங்கிய பாக்கு விரிகுடா. மறுபுறம் ஓங்கி எழும் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அப்பகுதி மீனவர் வழங்குவர். ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் அவ்விடத்தில் துருவத்துப் பனியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். மீன் கெடாமல் இருக்கப் பெட்டியில் இடும் பனிக்கட்டியன்றி வேறு பனியை அக்கரையினர் கண்டதில்லை. ஆயினும் அக்கரையின் வடிவத்தை வகுத்ததில் துருவப் பனிக்குப் பெரும்பங்கு உண்டு. இனி அதனை மாற்றுவதிலும் அதற்குப் பங்கு இருக்கப் போகிறது.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பூமி இன்றைக்கு உள்ளதைவிடக் குளிர்ந்திருந்தது. வட அமெரிக்காவின் வடபாகமும் ஐரோப்பாவின் வடபாகமும் பெரும் பனிப்போர்வையின்கீழ் அழுந்திக் கிடந்தன. அப்பனி முழுவதும் கடலிலிருந்து ஆவியாகிச் சென்ற நீரே. அவ்வளவு நீர் நிலத்தின்மேல் உறைந்து தங்கிவிட்டமையால், கடல்மட்டம் இன்றைய நிலையினும் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக்கு விரிகுடாவின் ஆழமோ பல இடங்களில் 15 மீட்டரையும் எட்டுவதில்லை. ஆகவே அந்நாளில் அங்கே கடல் இல்லை. இராமநாதபுரத்திலிருந்து மன்னாருக்குக் கால் நனையாமல் நடந்து செல்லுமாறு நிலம் தொடர்ந்து கிடந்தது. பின்னர் வெப்பம் மிகுந்து பனி உருக, கடல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஏறிக்கொண்டே வந்து அந்நிலத்தை மூடியது; இலங்கை தனித் தீவாயிற்று. பாம்பன் பக்கத்தில் கரைமேல் உலர்ந்து நிற்கும் பழைய பவளப்பாறைகள், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தையும் சற்றுக் கடந்து நின்றதைக் காட்டுகின்றன. இக்கடற்கரை என்றும் இவ்வாறே இருந்தது என்று எண்ணுவோர் அப்பாறைகளை ஒருமுறை சென்று காண்பது நன்று.

எஞ்சிய பனி இன்னும் மிகப் பெரிது. அண்டார்க்டிகாவின் பனி முழுவதும் உருகுமாயின் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும். கிரீன்லாந்தின் பனி உருகினால் 7 மீட்டர் உயரும். அம்முழு உருக்கம் ஒரு நூற்றாண்டில் நிகழக்கூடியதன்று. அதனைச் சொல்லிப் பாமரரை அச்சுறுத்துவது அறிவுடையார் செயல் ஆகாது. கருதத்தக்கது அதன் சிறு பகுதியே. 1901 முதல் 2018 வரையுள்ள காலத்தில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செண்டிமீட்டர் உயர்ந்தது. அந்நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவில் இருந்த ஏற்றம், 2006க்குப் பின் மூன்றரை மில்லிமீட்டரையும் கடந்துவிட்டது. வெப்பத்தால் கடல்நீர் விரிவடைவது இதற்கு ஒரு காரணம்; மலைப் பனியாறுகளும் துருவப் பனியும் உருகுவது மற்றொரு காரணம்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். வடதுருவத்தில் கடல்மேல் மிதக்கும் பனி உருகுவதால் கடல் உயர்ந்துவிடும் என்று பலர் கூறுவர். குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்த பின்னும் நீர்மட்டம் உயர்வதில்லை. கடலிலும் ஏறக்குறைய அவ்வாறே. கடலை உயர்த்துவது நிலத்தின்மேல் தங்கிய பனி உருகுவதே. எனினும் மிதக்கும் பனி பயனற்றது அன்று. அதன் வெண்மை ஞாயிற்றின் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அது மறைந்தால் கருங்கடல் அவ்வொளியை உட்கொண்டு மேலும் வெப்பமடையும். அருகிலுள்ள நிலப்பனியும் அதனால் தளரும்.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. கிரீன்லாந்தின் பனி உருகும்போது கிரீன்லாந்தின் கரையில் கடல் உயர்வதில்லை; தாழ்கிறது! அப்பனித்திரள் தன் பெரும் எடையினால் சுற்றிலும் உள்ள கடல்நீரைத் தன்பால் ஈர்த்து வைத்துள்ளது. எடை குறையக் குறைய ஈர்ப்பும் குறைந்து, நீர் விலகித் தொலைவிலுள்ள கடல்களை நோக்கிச் செல்கிறது. ஆதலின் வெப்ப நாட்டுக் கரைகளில் அந்த ஏற்றம் உலகச் சராசரியையும் விஞ்சும். துருவம் நெடுந்தொலைவில் உள்ளது என்பதைக் காவலாகக் கொள்பவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பனி உருகுவதற்குக் காரணமான புகையை மிகுதியாக வெளியிட்ட நாடுகள் வேறு. விளைவைத் தாங்கும் கட்டுமரக்காரர் வேறு. இது நீதியாகுமா என்பதை அந்நாடுகளே கூறட்டும்.

சில அங்குல ஏற்றம் அப்படி என்ன செய்துவிடும் என்று வினவலாம். தனுஷ்கோடியின் ஊற்றுகள் அதற்கு விடை தரும். இருபுறமும் உப்புக்கடல் சூழ்ந்த அம்மணற்பரப்பில் சிறிது தோண்டினாலே நன்னீர் ஊறுகிறது. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதால் அமைந்த கொடை அது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் தங்கும் என்பது நீரியலார் கணக்கு. மணற்பரப்போ மிகத் தாழ்ந்தது. கடல் உயர்வதற்கேற்ப நன்னீர் தானும் மேலே உயர அங்கு இடமில்லை. அக்கணக்கின்படி கடல் அரையடி ஏறினால் அடியிலுள்ள நன்னீரில் 20 அடி குறையும். கரையை அலை தொடுவதற்கு முன்பே குடத்தில் உப்பு ஏறிவிடும்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடி என்னும் ஊரையே அழித்தது. பயணிகளோடு வந்த இரயில் வண்டியைக் கடல் கொண்டது. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்த பின்னும் மீனவக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்து வருவது மீன்வளத்தாலும் அந்த ஊற்றுகளாலும்தான். அப்புயலின் பழியைத் துருவப் பனியின்மேல் ஏற்றுதல் தவறு. ஆனால் அதே வலிமையுள்ள புயல் இனி ஒருமுறை எழுமாயின், அதன் அலை முன்னினும் உயர்ந்த கடலின்மேல் ஏறி வரும்.

மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகளைப் பற்றியும் நடுவுநிலையோடு பேச வேண்டும். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் எண்ணப்பட்டன. அவற்றுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. கடல் உயர்ந்ததனால் மட்டும் அவை மறையவில்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்த மனிதர் கையே அதில் முந்தியது. உயிருள்ள பவளப்பாறை அலையைத் தடுக்கும் மதில். கடல் சிறிது சிறிதாக உயரும்போது தானும் அதனோடு வளரவல்ல மதில். 1986இல் அப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் மிகுந்து, பவளங்கள் தம்முள் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளிறின, பல மடிந்தன. வெட்டுவதை நிறுத்தினால் போதும் என்பாரும், துருவத்தைப் பற்றி மட்டும் பேசுவாரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பவரே ஆவர். மதிலைக் காப்பாற்றாமல் கடலைக் குறை கூறுவதும், கடலை வெப்பமாக்கிக்கொண்டே மதிலை நம்புவதும் ஒன்றுபோலவே பயனற்றவை.

வெப்ப நாடாகிய இந்தியா துருவ ஆராய்ச்சிக்குப் பணம் செலவிடுவது வீண் என்பாரும் உளர். இந்தியாவின் முதல் ஆராய்ச்சிக் குழு 1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவில் இறங்கியது. அதன்பின் அமைந்த தட்சிண கங்கோத்ரி நிலையம் பனியில் புதைந்துபோக, 1989இல் மைத்திரியும் 2012இல் பாரதியும் எழுந்தன. வடதுருவப் பகுதியில் ஹிமாத்ரி 2008இல் அமைந்தது. அண்டார்க்டிகாவின் ஆழ்பனியில் அகப்பட்ட காற்றுக் குமிழிகளை உலக விஞ்ஞானிகள் ஆய்ந்து, 8,00,000 ஆண்டுகளின் காற்றைப் படித்துள்ளனர். அக்காலம் முழுவதும் கரியமிலவாயு பத்து இலட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதில்லை. இன்று அது 420ஐக் கடந்துள்ளது. இவ்வுண்மையை வேறு எந்த ஏடும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிராது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையுடைய தமிழ்நாட்டுக்கு இச்செலவு ஊதாரித்தனம் அன்று.

1914இல் திறந்த பாம்பன் பாலத்துக்கு அருகே 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. மரக்கலங்கள் இடையூறின்றிச் செல்ல வேண்டி, அது பழைய பாலத்தினும் 3 மீட்டர் உயர்த்திக் கட்டப்பட்டுள்ளது. பாலம் கட்டுவோர் நீர்மட்டத்தை நுணுகிக் கணக்கிடுவது இயல்பே. அதே நுணுக்கத்தோடு பாம்பன் முதல் அரிச்சல்முனை வரையுள்ள ஒவ்வோர் ஊற்றின் உப்பையும் ஆண்டுதோறும் அளந்து, துருவ நிலையங்களின் கணக்கோடு ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வூற்று நீரைக் குடிப்பவரின் பிள்ளைகளே பள்ளியில் கற்றுக்கொண்டு அதனை அளக்கலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.