மேயும் பூநாரையைப் படமெடுங்கள்



ஐப்பசி மழை பிடித்ததும் கோடியக்கரைப் படங்கள் நம் இதழ் அலுவலகத்துக்கு வரத் தொடங்கிவிடும். பாதிக்கு மேல் ஒரே காட்சிதான்: பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பி, செஞ்சிறகு விரித்துப் பறக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் இனி அத்தகைய படங்களை வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தலையைக் கவிழ்த்து, சேற்றுநீரை அலகால் அரித்து மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் ஒட்டுமொத்தமாகக் கிளம்பினால், பெரும்பாலும் யாரோ மிகக் கிட்டே போயிருப்பார்கள். சிலர் கைதட்டியே கிளப்புகிறார்கள். பக்கத்தில் இரை பொறுக்கும் கொசு உள்ளானும் சேர்ந்து பறக்கும். முப்பது கிராம்கூடத் தேறாத அந்தப் பறவை குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் ஓரத்தில். இங்கே தின்று சேர்த்த கொழுப்பை நம்பித்தான் அவ்வளவு தூரம் திரும்ப வேண்டும். நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் தீனி நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் கரைகிறது.

இதைக் கேமரா விற்கும் கடையில் சொல்லித் தரமாட்டார்கள். கூடப் படமெடுக்கும் நாலு பேர் சொல்வார்கள். அதனால்தான் புகைப்படச் சங்கம் ஒன்றில் சேருங்கள் என்கிறேன். சென்னையில் இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1850களிலேயே அங்கே புகைப்படச் சங்கம் இருந்தது. இன்றும் ‘சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ்’ குழுவினர் விடுமுறைக் காலைகளில் கூட்டமாக நடந்து தெருக்களைப் படமெடுக்கிறார்கள்.

உங்கள் ஊரில் சங்கம் இல்லையென்றால் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கலாம். செல்போன் போதும். மாதம் ஒருநாள் ஆளுக்கு மூன்று படம், எடுத்தவர் பெயரைச் சொல்லாமல் நடுவில் வையுங்கள். முகநூலில் ‘சூப்பர்’ போடும் அதே நண்பர், நேரில் உட்கார்ந்தால் “பறவை எங்கே பார்க்கிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாமே” என்பார். கல்யாண வீடுகளிலேயே காலம் கழித்த உள்ளூர் ஸ்டுடியோக்காரரையும் அழையுங்கள். வெளிச்சத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இருக்காது.

கோடியக்கரைக்கும் கேமராவுக்கும் பழைய உறவு உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே உருவாக்கிய கருவி அவருடையது. விலங்கின் பழக்கம் தெரியாமல் அவர் பொத்தானை அழுத்தியதில்லை என்பதை அவர் படங்களே சொல்லும். தென்னகத்தில் வெளிமான்களுக்கு எஞ்சியிருக்கும் கடைசிப் புகலிடம் கோடியக்கரை என்று கருதி, சரணாலயம் வேண்டுமென 1962ல் பரிந்துரைத்தவரும் அவர்தான். 1967ல் சரணாலயம் வந்தது. இன்று நாம் அங்கே படமெடுக்க வெளிமான் நிற்கிறதென்றால், அதில் அவர் பங்கும் இருக்கிறது.

ஆகவே இந்தப் பருவத்தில் எங்களுக்கு மேயும் பூநாரையை அனுப்புங்கள். உப்பளக் கரையில் ஒற்றைக்காலில் தூங்குவதையும், காலில் வளையமிட்ட உள்ளானையும் அனுப்புங்கள். வளையத்தின் எண் தெரிந்தால் பறவை ஆய்வாளர்களுக்கும் உதவும். எடுத்த தேதியும் இடமும் கட்டாயம் குறிப்பிடுங்கள். சங்கமாகச் சேர்ந்து அனுப்பினால் இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். சங்கத்தின் பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்