அளவுகோலா, அரிதட்டா? – சீன உயர்பாடசாலைகளின் ஆங்கிலக் கிரகித்தற் பரீட்சை பற்றி

சீனத்தில் 'காவ்காவ்' என வழங்கும் பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சைக்கு 2024ஆம் ஆண்டில் 1 கோடியே 34 இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்திருந்தனர். பெரும்பாலான மாகாணங்களில் அப்பரீட்சையின் மொத்தப் புள்ளிகள் 750. அவற்றுள் 150 அந்நிய மொழிக்குரியன. மிகப் பெரும்பாலானோருக்கு அந்நிய மொழி என்பது ஆங்கிலமே. தாய்மொழிக்கும் கணிதத்துக்கும் உள்ள அதே பங்கு அதற்கும் உண்டு. பல மாகாணங்களில் வழங்கும் தேசிய வினாத்தாளின் இன்றைய அமைப்பில், அந்த 150இல் 30 புள்ளிகள் கேட்டலுக்கும் 50 புள்ளிகள் வாசிப்புக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரு மாணவனின் ஆங்கிலப் புள்ளிகளிற் பாதிக்கு மேற்பட்டவை, பிறர் பேசியதையும் பிறர் எழுதியதையும் அவன் எவ்வாறு கிரகித்தான் என்பதன் பேரில் வழங்கப்படுகின்றன. வழங்கப்படுவதாகக் கூறப்படுகிறது என்பதே பொருத்தமான கூற்று. உண்மையில் இந்த எண்பது புள்ளிகள் கிரகித்தலை அளக்க எழுந்தவையல்ல; ஆட்களைப் பிரிக்க எழுந்தவை. அளவுகோல் வேறு, அரிதட்டு வேறு. அரிதட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதனை அளவுகோல் என்று சாதிப்பதே சீன ஆங்கிலக் கல்வியின் தலையாய பொய்.

இப்பொய் திட்டமிட்டுச் சொல்லப்பட்டதன்று. வரலாற்றின் வழியே வளர்ந்தது. 1966இல் கலாசாரப் புரட்சியோடு நின்றுபோன அனுமதிப் பரீட்சை 1977 டிசெம்பரில் மீண்டும் நடைபெற்றபோது ஏறத்தாழ 57 இலட்சம் பேர் தோற்றினர். அனுமதி பெற்றோர் ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மட்டுமே. இருபது பேருக்கு ஓர் இடம் என்ற நிலையில், எவரைத் தள்ளுவது என்பதே பரீட்சை எதிர்நோக்கிய முதற் பிரச்சினையாயிற்று. ஆங்கிலம் படிப்படியாக அக்கணக்கினுள் நுழைந்து, 1983இல் முழுமையாகச் சேர்க்கப்பட்டது. 1985இல் குவாங்டொங் மாகாணத்திலே, குய் ஷிசுன் முதலிய மொழியியலறிஞரின் முயற்சியால், நவீன அளவையியல் முறைகளைத் தழுவிய புதிய ஆங்கிலப் பரீட்சை பரிசோதனையாகத் தொடங்கப்பட்டது. அவ்வறிஞரின் நோக்கம் உயர்ந்ததே. இலக்கண விதிகளை மனனஞ் செய்வதிலிருந்து மொழியைப் பயன்படுத்துவதை நோக்கி வகுப்பறையைத் திருப்புவதற்கு, பரீட்சையையே நெம்புகோலாக்கலாம் என அவர்கள் நம்பினர். அவர்களுள் ஒருவரான லி சியாவோஜு, ஒரு பரீட்சை எவ்வளவு வலிமை மிக்கதாயிருக்க முடியும் என்ற வினாவைத் தலைப்பாகக் கொண்டே 1990இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அந்நம்பிக்கைக்கு நேர்ந்த கதியைப் பிற்காலச் சீன ஆய்வாளரே எழுதியுள்ளனர். 2000களில் சி லுசியா வெளியிட்ட ஆய்வுகள், வினாத்தாள் ஆக்குவோர் எதிர்பார்த்த மாற்றம் வகுப்பறையில் நிகழவில்லை என்பதைக் காட்டின. ஆசிரியர் மொழியறிவுத் துணுக்குகளையும் வினா வடிவங்களையுமே தொடர்ந்து பயிற்றினர். காரணமும் அவ்வாய்வுகளிலேயே உண்டு: தெரிந்தெடுக்கும் பணியும் கற்பித்தலை நெறிப்படுத்தும் பணியும் ஒரே பரீட்சையின் தலையில் ஏற்றப்படும்போது முன்னது பின்னதை விழுங்கிவிடுகிறது. இதை எடுத்துரைத்தவர் பரீட்சையின் பகைவரல்லர். அதனை அணுகி ஆராய்ந்தவர். எனினும், வினா வடிவத்தை மாற்றினால் எல்லாம் சீராகும் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை.

அப்பேச்சின் முதற் சான்றாகக் காட்டப்படுவது கேட்டற் பகுதியே. பல்லாண்டு ஆங்கிலம் கற்றும் வாய் திறவாத, காதில் விழுந்ததை விளங்கிக்கொள்ளாத மாணவரின் ஆங்கிலத்தைச் சீனர் 'ஊமை ஆங்கிலம்' என எள்ளுவர். இந்நூற்றாண்டு பிறந்ததையொட்டிய ஆண்டுகளிற் கேட்டற் பகுதி வினாத்தாளிற் பரவலாகச் சேர்க்கப்பட்டதும், அந்நோய்க்கு மருந்து கண்டாயிற்று என மகிழ்ந்தோர் பலர். மருந்தின் தன்மையைச் சற்று உற்று நோக்கலாம்.

வினாக்கள் இருபது, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைப் புள்ளி. ஒவ்வொரு வினாவுக்கும் மூன்று விடைகள் தரப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றைத் தெரிய வேண்டும். முதல் ஐந்து சிற்றுரையாடல்கள் ஒருமுறையும் ஏனையவை இருமுறையும் ஒலிக்கும். ஏறத்தாழ இருபது நிமிடங்களில் யாவும் முடிந்துவிடும். செவிப்புலனே இல்லாத ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு விடைகளைக் குறித்தாலும், சராசரியாக முப்பதிற் பத்துப் புள்ளி அவனுக்குக் கிடைக்கும். எனவே இப்பகுதியின் உண்மையான பரப்பு எஞ்சிய இருபது புள்ளிகளே. பிரபலமான மாதிரி வினா ஒன்று ஆண்டுதோறும் இவ்வினாத்தாள்களிலே அச்சாகி வந்துள்ளது: ஒரு சட்டையின் விலை என்ன? பத்தொன்பது பவுண் பதினைந்து பென்சா, ஒன்பது பவுண் பதினெட்டா, ஒன்பது பவுண் பதினைந்தா? கடைசியதே விடை என்று அங்கேயே அச்சிடப்பட்டிருக்கும். ஒரு தலைமுறைச் சீன மாணவர் யாவருக்கும் அச்சட்டையின் விலை மனப்பாடம். இன்று அது அவர்களிடையே வழங்கும் நகைச்சுவை. பவுண் நாணயத்தைக் கண்டிராத கான்சு மாகாண உழவர் மகளுக்கும் அவ்விலை தெரியும். அதனால் அவளுக்கு ஆங்கிலம் கேட்கத் தெரியும் என்பது பெறப்படுமா?

இனி, ஒரு மாணவன் முப்பதுக்கு இருபத்தொன்று பெற்றான் என வைத்துக்கொள்வோம். இழந்த ஒன்பது புள்ளிகள் எதைக் கூறுகின்றன? ஒலிகளை அவனாற் பிரித்துணர முடியவில்லையா? ஒலியை உணர்ந்தும் சொல்லின் பொருளை அறியானா? இரண்டும் அறிந்தும் பேச்சின் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தவறினானா? அன்றி, அச்சிட்ட விடைகளை உரிய நேரத்தில் வாசித்து முடிக்காமையாற் பிழைத்தானா? கடைசியது கேட்டற் குறைபாடே அன்று, வாசிப்பின் குறைபாடு. இந்நான்கும் வெவ்வேறு நோய்கள். நான்குக்கும் வெவ்வேறு சிகிச்சை வேண்டும். காய்ச்சல் உண்டென்று கூறி எக்காய்ச்சலென்று கூறாத வைத்தியனைப் போல, பரீட்சை இருபத்தொன்று என்ற எண்ணை மட்டும் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வரிசைப்படுத்துவோனுக்கு அவ்வெண் போதும். கற்பிப்போனுக்கு அதனால் யாதொரு பயனுமில்லை.

கேட்டற் பரீட்சை நடைபெறும் வேளையிற் சீன நகரங்களிற் பரீட்சை மண்டபங்களை அடுத்த வீதிகளில் ஊர்திகள் ஒலியெழுப்புதல் தடுக்கப்படும். கட்டட வேலைகள் நிறுத்தப்படும். அந்த இருபது நிமிட அமைதிக்கு அரசு காட்டும் அக்கறையைக் குறைகூற முடியாது. ஆனால், அதற்கு முந்திய ஆறு ஆண்டுகளில் அம்மாணவனின் காதில் எத்தகைய ஆங்கிலம் விழுந்தது என்பதில் அதே அக்கறை காட்டப்பட்டதா? பெய்ஜிங் 2021 முதல் கேட்டலையும் பேச்சையும் சேர்த்துக் கணினிவழியாக 50 புள்ளிகளுக்குப் பரீட்சிக்கிறது. மாணவர் இருமுறை தோற்றி, உயர்ந்த புள்ளியை வைத்துக்கொள்ளலாம். பரீட்சார்த்திகளின் தொகையில் நாட்டின் முன்னணியில் நிற்கும் ஹெனான் மாகாணத்திலோ பல ஆண்டுகளாகக் கேட்டற் புள்ளிகள் மொத்தத்திற் சேர்க்கப்படவேயில்லை. வெறுங் குறிப்புக்கென வைக்கப்பட்டன. கிராமப்புற மாணவர் மீதான இரக்கமே இதற்குக் காரணம் என்பர். சேராத புள்ளிக்காக எப்பாடசாலை பாடவேளையைச் செலவிடும்? ஆக, தலைநகரின் பிள்ளைக்குக் கூடுதற் செவியும் ஹெனான் பிள்ளைக்குச் செவியின்மையும் வாய்த்தன. சேர்த்தால் ஏழை தோற்கிறான். சேர்க்காவிடின் ஏழை கற்காமலே விடப்படுகிறான். அரிதட்டின் கண்ணைப் பெருக்கினாலும் சிறுக்கினாலும் நேர்வது இதுவே.

வாசிப்பின் நிலையும் இதனின் மேம்பட்டதன்று. நான்கு விடையுள்ள பல்தேர்வு வினாக்கள் பதினைந்து. அவற்றோடு, ஏழு வாக்கியங்களுள் ஐந்தைத் தெரிந்து இடைவெளிகளில் நிரப்பும் பயிற்சி ஒன்று. கலைத்திட்டம் ஏறத்தாழ 3000 சொற்களை வரையறுக்கிறது. மாணவர் சொற்பட்டியலை மனனஞ் செய்கின்றனர். வினாவை முதலில் வாசித்து, அதிலுள்ள சொல்லைப் பந்தியில் தேடி, அதனை அடுத்த வரியிலிருந்து விடையைப் பொறுக்குகின்றனர். இது வேட்டை, வாசிப்பன்று. அன்ஹுய் மாகாணத்து மாவோதான்சாங் போன்ற சிற்றூர்கள் பரீட்சைப் பயிற்சியாலேயே வாழ்கின்றன. பல்லாயிரம் மாணவர் விடியல் முதல் நள்ளிரவு வரை அவ்வேட்டையிற் பழக்கப்படுகின்றனர். உயர்பாடசாலையில் ஓர் ஆங்கில நூலை முதலிலிருந்து முடிவு வரை வாசித்து இன்புற்ற மாணவிக்கு இப்பரீட்சையில் அதற்கென ஒரு புள்ளியும் இல்லை.

இவ்விடத்து ஒரு நல்ல முயற்சியையும் குறிப்பிடாதிருப்பது நேர்மையாகாது. 2016 ஒக்ரோபரில் செஜியாங் மாகாணத்தில் ஒரு புதுவகை வினா அறிமுகமாயிற்று. ஒரு கதையின் முற்பகுதியை வாசித்து, அதன் தொடர்ச்சியாக இரு பந்திகளை மாணவரே எழுத வேண்டும். வாங் சுமிங் என்னும் மொழியியலறிஞரின் கருத்துகளிலிருந்து பிறந்த இம்முறையில், வாசித்ததை விளங்கிக்கொள்ளாதவன் எழுத முடியாது. வாசிப்பும் எழுத்தும் இங்கு உண்மையாகவே கைகோத்தன. ஆனால் நடந்ததென்ன? கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, இதயம் படபடத்தது, சூரிய ஒளி முகத்தில் விழுந்தது என்பன போன்ற ஆயத்த வாக்கியங்களைத் தொகுத்த கைநூல்கள் கடைகளிற் குவிந்தன. கதை எதுவாயினும் கண்ணீர் ஒன்றே. முன்பு கடிதம் எழுதும் வினாக்களிலே ஆண்டுதோறும் வெளிநாட்டு நண்பனுக்கு மடல் வரைந்து களைத்த கற்பனை மாணவன் லி ஹுவாவைப் போலவே, இக்கதைமாந்தரும் இன்று அச்சில் வார்க்கப்படுகின்றனர்.

அதே செஜியாங்கில் 2018 நவெம்பரில் நடைபெற்ற ஆங்கிலப் பரீட்சை இம்முழு அமைப்பையும் அம்பலப்படுத்தியது. வினாத்தாள் முந்திய ஆண்டினதைவிடக் கடினமாயிருந்தது எனக் கூறி, அதிகாரிகள் வாசிப்பிலும் எழுத்திலும் சில வினாக்களின் புள்ளிகளை மாணவருக்கு அறிவிக்காமலே நிறைப்படுத்தி மாற்றினர். பெற்றோர் கொதித்தெழுந்தனர். மாகாண ஆளுநர் தலைமையில் விசாரணை நடைபெற்றது. டிசெம்பர் தொடக்கத்தில் அம்மாற்றம் பிழையான முடிவென அறிவிக்கப்பட்டு, மூலப் புள்ளிகள் மீள வழங்கப்பட்டன. வீதியிலும் ஏடுகளிலும் எழுந்த வினா, யார் எவரை முந்தினர் என்பதே. அவ்வாசிப்புப் பந்திகளை மாணவர் விளங்கிக்கொண்டனரா என்று கேட்டோர் அரிது. அளவுகோலாயின், இரண்டு ஆண்டுகளின் கடினத்தைச் சமன்செய்வது அதன் இயல்பான கடமை. அதனை முன்கூட்டியே வெளிப்படையாகச் செய்திருப்பர். அரிதட்டாயிருந்தமையாற்றான் ஒரு புள்ளியின் அசைவும் கலகமாயிற்று.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். பரீட்சையை ஆதரிப்போர் கூறுவது எளிதிற் தள்ளத்தக்கதன்று. 1970 முதல் பரீட்சையின்றிப் பரிந்துரையால் மாணவரைச் சேர்த்த ஆண்டுகளிற் பின்கதவால் நுழைந்தோர் எத்தனையோ பேர். அதிகாரியின் மகனையும் உழவனின் மகளையும் ஒரே விடைத்தாளில், ஒரே இயந்திரம் ஒரே விதமாகத் திருத்துகிறது; ஏழைக்கு வேறு எந்த அரண் உண்டு என அவர்கள் வினவுவர். நியாயமான வினா. ஆனால் திருத்துவதிலுள்ள நேர்மை வேறு, அளப்பதிலுள்ள நேர்மை வேறு. இயந்திரம் விடையை ஒரே கண்ணால் நோக்குகிறது. அவ்விடைக்குப் பின்னாலுள்ள ஆண்டுகளை அது நோக்குவதில்லை. பணம் வாங்கத்தக்க பாடங்களுள் அந்நிய மொழியைக் கேட்டலே முதலிடத்தது. 2021 யூலையில் அரசு கட்டாயக் கல்வி வகுப்புகளுக்கான இலாபநோக்குப் போதனை நிலையங்களை ஒடுக்கியது. அதன்பின் வசதி படைத்தோர் வீட்டுக்கே ஆசிரியரை வரவழைத்துக்கொண்டனர். கதவு மூடிற்று, விலை ஏறிற்று.

மறுமுனையில், ஆங்கிலத்தையே கட்டாயப் பாடமாக இல்லாதொழிக்குமாறு கோருவோர் உளர். 2021 மார்ச்சில் மக்கள் அரசியல் ஆலோசனை மாநாட்டின் உறுப்பினரொருவர் அவ்வாறு முன்மொழிந்தபோது பெருத்த ஆரவாரம் எழுந்தது. கல்வியமைச்சு அதனை ஏற்கவில்லை. தேசியப் பெருமிதத்தின் மொழியில் வரும் இக்கோரிக்கை, ஏழைப் பிள்ளையிடமிருந்து பாடசாலை ஆங்கிலத்தைப் பறித்துவிட்டு, செல்வரின் பிள்ளைக்கு வீட்டு ஆங்கிலத்தை அப்படியே விட்டுவைப்பதாகும். அரிதட்டின் மீதுள்ள கோபத்தில் தானியத்தைக் கொட்டிவிடுவது என்ன விவேகம்?

செய்யத்தக்கது வேறு. 2018இல் சீனம் தன் ஆங்கில ஆற்றற் தராதரங்களை ஒன்பது படிகளாக வகுத்து வெளியிட்டது. கேட்டலிலும் வாசிப்பிலும் ஒவ்வொரு படியினரும் யாது செய்ய வல்லர் என்பது அதில் விவரிக்கப்பட்டுள்ளது. அளவுகோல் ஏற்கெனவே அவர்களின் கையில் இருக்கிறது. கேட்டலையும் வாசிப்பையும் 750 என்ற கூட்டுத்தொகையிலிருந்து பிரித்தெடுத்து, இப்படிகளைக் கொண்டு தனியாக மதிப்பிட வேண்டும். மாணவன் ஆயத்தமாகும்போது தோற்றலாம். உரிய படியை எட்டினாற் போதும். ஒரு புள்ளிக்காக ஒருவரையொருவர் தள்ள வேண்டியதில்லை. எப்பிழை எவ்வகையது என்ற விவரம் மாணவனுக்கும் ஆசிரியருக்கும் திரும்பிவர வேண்டும். பல்தேர்வு வினாக்களுக்குப் பதிலாக, கேட்டதையும் வாசித்ததையும் மாணவன் சீன மொழியிலேயே எழுதட்டும். கிரகித்தலை அளப்பதாயின் தாய்மொழி விடையை ஏன் அஞ்ச வேண்டும்? ஆங்கிலத்தில் எழுத முடியாதவனும் ஆங்கிலத்தை விளங்கிக்கொண்டிருக்கலாம்.

ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் விடைகளை ஆசிரியர் வாசித்துத் திருத்துவது இயலாத காரியம் என்ற மறுப்பு உடனே எழும். அதே பரீட்சையில், அதே யூன் மாதத்தில், 60 புள்ளிகளுக்குரிய சீன மொழிக் கட்டுரைகள் அத்தனையையும் கட்டுரைக்குக் குறைந்தது இருவர் வீதம் ஆசிரியர் வாசித்து, சில வாரங்களுக்குள் பெறுபேறு வெளியாகிக்கொண்டுதானிருக்கிறது.