மலையேறும் மருத்துவம்

மருத்துவம் அமர்ந்திருக்க, நோயாளி நடந்து வந்த காலம் முடிந்தது. முதல் பேருந்தைப் பிடித்து, ஒருநாள் கூலியை இழந்து, ‘நாளைக்கு வாங்க’ என்ற சொல்லோடு திரும்பிய தலைமுறைகளின் பொறுமையே அந்த அமைப்பின் அடித்தளம். அதன் தோல்வியை நிறுவ நாங்கள் வரவில்லை. அதன் இடத்தை நிரப்ப வந்திருக்கிறோம்.

கிராம சுகாதாரச் செவிலியர்களும் மருத்துவர்களும், மென்பொருள் எழுதுவோரும் மருந்துக்காகக் காத்திருந்து சலித்தவர்களும் கூடி இவ்வியக்கத்தைத் தொடங்குகிறோம்.

பாதை முன்பே திறந்துவிட்டது. அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புறப் பார்வை மையத்தில் பணியாளர் கண்ணைச் சோதிக்க, தொலைவிலிருக்கும் மருத்துவர் திரைவழியே நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்தது. சலுகையாக வந்த இவை இனி உரிமையாக நிலைபெறும்.

சவ்வாது மலையில் பகலெல்லாம் வீடு வீடாக நடந்து பதிவேட்டில் எழுதியதை, மாலையில் சிக்னல் கிடைக்கும் பாறைமேடு தேடிப் போய், கைப்பேசியில் மறுபடியும் பதிகிறார் ஒரு செவிலியர். இரண்டாம் முறை எழுதும் அந்த நேரம் ஒரு கர்ப்பிணிக்கு உரியது. ஆகவே, சிக்னல் இல்லாதபோதும் பதிவை ஏற்று, கிடைத்ததும் தானே அனுப்பும் செயலியே எங்கள் முதல் கோரிக்கை. அது தமிழில் இருக்கும். எழுத்தறியாதவருக்குப் பேசிக் காட்டும்.

திரை, மருத்துவரின் கையை நீட்ட வேண்டும். காலிப் பணியிடத்தை மறைக்கும் திரைச்சீலையாக அதைத் தொங்கவிடுவதை மறுக்கிறோம். ஓடிபி வரவில்லை என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்பும் ஒழுங்கை மறுக்கிறோம். கைப்பேசி இல்லாதவரும் முழு நோயாளியே.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபா (ABHA) என்னும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்ணுக்குப் பின்னால் ஓர் உடல் இருக்கிறது, அந்த உடலுக்கு மானம் இருக்கிறது. ஒரு பெண்ணின் காசநோயும் கருச்சிதைவும் அவள் ஒப்புதலின்றி எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் மேசைக்கும் போகலாகாது. இதில் எங்களுக்குச் சமரசம் இல்லை.

எந்தத் துணை சுகாதார நிலையத்தில் இணைப்பு உண்டு, எங்கே மின்சாரம் நின்றுபோகிறது, எந்தக் குக்கிராமத்தில் சிக்னல் அறவே இல்லை என்ற வரைபடம் எங்கள் முதல் பணி. சவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் செவிலியர்களோடு நடந்தே அதை வரைவோம். அந்தப் பாறைமேட்டிலிருந்து தொடங்குகிறோம்.