பித்தளையின் கழுத்து

ஒருமுறை வெடித்து விழுந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல் பொறுக்கித் துடைத்து, அதில் மறுபடியும் மருந்தும் குண்டும் இட்டு உபயோகிக்கும் வழக்கம், அமெரிக்காவில் இலக்குச் சுடுதலில் பற்றுடையோரிடம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றமாதலால், நாம் இதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களே. ஆயினும், அந்தக் கூட்டின் கழுத்தை நெருக்குவது பற்றி அவர்கள் நடத்தும் ஓயாத விவாதத்தில் முதலில் பேசவேண்டிய விஷயம் கடைசிக்குத் தள்ளப்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளை, மருந்து பற்றிய கணத்தில் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்புறம் கசியாதபடி அடைத்துவிட்டு, அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிக் கொள்கிறது. பழைய அளவுக்கு அது முற்றும் திரும்புவதில்லை. ஆகையால், அடுத்த குண்டை இறுகப் பற்றும்படி கழுத்தை எஃகு அச்சுக்குள் செலுத்தி நெருக்க வேண்டியிருக்கிறது. குண்டின் குறுக்களவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை கழுத்து குறுகியிருந்தால் போதும். ஒரு தலைமயிரின் கனத்துக்குள் அடங்கிவிடும் இந்த வித்தியாசத்துக்காக, கழுத்தை மட்டும் நெருக்குவதா, கூடு முழுவதையுமா என்று வாதிட்டு, அச்சுக்கு மேல் அச்சாக வாங்கிக் குவிக்கிறார்கள்.

அச்சின் அளவு மாறாது. ஆனால் பித்தளையின் சுபாவம் மாறிக்கொண்டே போகிறது. கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் குடம் அடிப்பதை நான் வெகுநேரம் நின்று பார்த்ததுண்டு. சுத்தியல் விழ விழ ஓசை கூர்மையாகிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் அந்தப் பெரியவர் கையை நிறுத்தி, "இதுக்கு மேல அடிச்சா விரிசல் விட்டுடும் சாமி" என்று சொல்லி, குடத்தை நெருப்பிலிட்டு மங்கிய சிவப்பேறக் காய்ச்சி ஆறவிட்டு, மறுபடி அடித்தபோது ஓசை மண்ணில் அடித்தாற்போல் மந்தமாயிருந்தது. தோட்டாவின் கழுத்துக்கும் இதே கதிதான். ஒவ்வொரு விரிவிலும் ஒவ்வொரு நெருக்கத்திலும் அது இறுகி, அச்சைவிட்டு வெளிவந்ததும் முன்னிலும் அதிகமாக எதிர்த்து விரிகிறது. அதே அச்சு, அதே கை, ஆனால் பிடி மட்டும் தோட்டாவுக்குத் தோட்டா வேறுபட்டு, முடிவில் கழுத்து நெடுகக் கீறிவிடுகிறது.

உள்ளே அடங்கிக் கிடக்கும் இறுக்கம் எவ்வளவு பொல்லாதது என்பதை உலகம் கற்றுக்கொண்டது இந்திய மண்ணில்தான். ஆங்கிலேயர் காலத்தில், மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த தோட்டாக்கள், ஒருவர் கையும் படாமலே, குண்டைப் பற்றியிருக்கும் கழுத்தருகே விரிசல் விட்டுக் கிடந்தன. குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூவர் 1921-இல் விளக்கினார்கள்.

ஆதலால், கழுத்தை எவ்வளவு நெருக்குவது என்று கேட்பதற்கு முன்னால், அதைக் காய்ச்சி இளக்கியாயிற்றா என்று கேட்பதே கிரமம். அதிலும் கழுத்தையும், அதையொட்டிச் சரிந்திறங்கும் தோளையும் மட்டுமே காய்ச்ச வேண்டும். வெடிப்பின் பாரத்தைத் தாங்கும் அடிப்பாகம் இளகிவிட்டால் சுடுபவரின் கண்ணுக்கும் கைக்கும் அபாயம். அவசரக்காரருக்கு ஏற்ற வேலையன்று இது.

தொழிற்சாலையில் அவ்வாறு காய்ச்சிய கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை படிகிறது. கடைக்குப் போகும் தோட்டாக்களில் அதைப் பளபளப்புக்காகத் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். ராணுவத் தோட்டாக்களிலோ, காய்ச்சியதற்கு அடையாளமாக, அந்தக் கறையை அப்படியே விட்டுவைக்கிறார்கள்.