தாக்கத்தியும் வெட்டு மெசினும்

மாரிப்போகம் விளைந்து சாய்ந்திருக்கும் காலத்திற் பொத்துவில் வயல்வெளிகளுக்குச் செல்வோர் ஒரு புதுமையைக் காண்பர். வயலில் ஆளரவம் இல்லை. சங்கிலிச் சில்லுடைய பேரியந்திரம் ஒன்று கதிரை அரிந்து, அடித்து, தூற்றி, மணியை மூடையில் நிரப்பிச் செல்கின்றது. ஒரு குழுவினர் நாள் முழுதும் குனிந்து வெட்டிய ஏக்கரை அஃது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். மக்கள் வெட்டு மெசின் என வழங்குவது இதனையே.

முன்னர் தாக்கத்தியால் வெட்டி, உப்பட்டி கட்டி, சூடு வைத்து, களவெட்டியில் எருமைகளைக் கொண்டு மிதிப்பித்தனர். களத்திலே நெல்லை நெல் என்னாது பொலி என்னும் மரபினை எம் மாணவர் பலர் இன்று அறியார். உழவு இயந்திரம் வந்தபோது எருமைக்கு ஓய்வு கிடைத்தது, எவரும் வருந்தவில்லை. இப்பொழுது ஓய்வு பெற்றவன் மனிதன். அவனுக்குப் புற்றரை போதாதன்றோ!

நாம் இயந்திரத்தின் பகைவரல்லேம். தை மாசியிற் பெய்யும் மழையாற் கதிர் முளைத்து அழிந்த துயரை அறிந்தோர் அதனைப் பழியார். எனினும் வெட்டுக்கூலியை நம்பிய குடும்பங்களும், கதிர் பொறுக்கிக் கஞ்சிக்கு நெல் சேர்த்த ஏழைப் பெண்களும் எந்தக் கணக்கிலும் இடம்பெற்றிலர். மழையால் விளைந்த நெல்லிற் பத்திலொன்றைச் சக்காத்தாக அளப்பது முஸ்லிம் அன்பர்களின் கடன். நெல் களத்துக்கே வாராது வரம்பிலிருந்து ஈரமாக லொறியில் ஏறும்போது, களத்தடியில் வந்து நின்ற ஏழை இனி எங்கே சென்று நிற்பான்? நெல் சந்தைப்படுத்தல் சபை உறுதிவிலைக்கு வேண்டுவது ஈரப்பதன் நூற்றுக்கு 14க்கு மேற்படாத நெல். காயவிடத் தளமில்லாத கமக்காரனோ வியாபாரி சொன்ன விலைக்குத் தலையசைக்கின்றான்.

2022ஆம் ஆண்டில் டீசல் அரிதானபோது விளைந்த வயல்கள் இயந்திரத்துக்குக் காத்துக் கிடந்தன. தாக்கத்தி பிடிக்கும் கைகள் அதற்குள் அருகிவிட்டிருந்தன.

நிற்க. அறுவடை வாடகைப்பணம் ஊருக்குள் தங்குகின்றதா என்பதே எமது வினா. பல இயந்திரங்கள் வேற்று மாவட்டங்களிலிருந்து ஏற்றிவரப்படுகின்றன. ஓட்டுநரும் உடன் வருகின்றனர். விவசாய அமைப்புகள் கூட்டாக இயந்திரம் வாங்கி, கூலி இழந்த குடும்பத்துப் பிள்ளைகளையே ஓட்டவும் திருத்தவும் அமர்த்துதல் வேண்டும். பயிற்சிக்கு அம்பாறை ஹார்டி நிறுவனமும் சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியும் எம் மாவட்டத்திலேயே உள்ளன. எழுதுவினைஞர் பதவியையே கனவு காணும் எம் இளைஞர் எண்ணெய்க் கறையை இழிவென எண்ணுவரோ, அறியோம். கணினி வந்தபின் அப்பதவிகளும் சுருங்கி வருகின்றன.

பழைய மாணவருட் பொறியியலாளரும் வங்கி முகாமையாளரும் உளர். இயந்திரத்தின் விலை, கடன், வட்டி ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கொடுத்தல் அவர்கட்கு ஒரு மாலைநேர வேலை. அடுத்த மாரிப்போகத்துக்கு முன்னர் சங்கக் கூட்டத்தில் இதனை எடுத்துப் பேச விழைகின்றோம்.